குளிர்ப் பெட்டிகளும் பக்கத்து இருக்கையும்

எங்கள் வீட்டில் பேசுகிற வேலை என் மனைவியுடையது. நான் மலேசியாவில், குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். படிப்பில்லாததால் வந்த ஊமைத்தனம் அல்ல அது. என்னோடு படித்து என்னோடு நின்றவர்கள் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார்கள். எனக்கு வாயைத் திறந்தாலே காது சூடாகிவிடும். கடையில் கேட்டதை விட்டு வேறு சாமானைக் கட்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவள்தான் அதைத் திரும்ப எடுத்துப் போய், கடைக்காரரைச் சிரிக்க வைத்தே மாற்றி வருவாள். கிளினிக்கில், பஸ்ஸில், மாதா கோயில் வாசலில், எங்கே போனாலும் "இவருக்கு என்னன்னா..." என்று அவள் ஆரம்பிப்பாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் அதற்கும் அவளே பதில் சொல்வாள்.

மறதி நோய் வந்தபோது அவளுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பத்து பாகாட் ஊரில் ஒரு துணி தைக்கிற ஆலையில் வேலை பார்த்தவள். பண்டார் தெங்காராவுக்குக் குடிவந்த பிறகு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுக்கொண்டாள். ஒரு பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளுக்கு, மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், பாஜு கூரோங் என்கிற நீளச் சட்டை தைத்தாள். இரண்டு கையும் இடது கையாக வந்திருந்தது. மக்சிக் அதைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவளும் சிரித்தாள். பிரித்துத் தைத்தாள். மறுபடியும் இரண்டும் இடது கையாகவே வந்தது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தன் கைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்க மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நோயின் பேரைச் சொன்னார்கள். அல்சைமர். வயதானவர்களுக்குத்தான் வரும், அபூர்வமாக இந்த வயதிலும் வருவதுண்டு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார்கள். நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும் என்றார்கள், நிறுத்தும் என்று சொல்லவில்லை. டாக்டர் பேசியது மலாய். அவள்தான் வழக்கம்போல் எனக்காகக் கேள்வி கேட்டாள். தனக்கு வந்த நோயைப் பற்றிய கேள்விகளை, என் சார்பில், அவளே கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

அப்போதே நான் வேன் ஓட்டுகிற வேலையில் இருந்தேன். செனாய் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. வெளிநாட்டிலிருந்து ஆய்வகங்களுக்கு வருகிற மருந்துப் பொருள்களை விமான நிலையச் சரக்குக் கிடங்கில் எடுத்து, யார் கேட்டார்களோ அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளில் வரும். திறந்தால் பெரும்பாலும் ஐஸும் காகிதமும்தான். நடுவில் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத குப்பிகள் இரண்டோ மூன்றோ இருக்கும். அதற்குள் ஒரு சொட்டு. கண்ணீர் மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிடக் குறைவு. அந்த ஒரு சொட்டுக்காக ஒரு விமானம், ஒரு வேன், நான்.

சில பெட்டிகள் குளிர்ந்திருந்தால் போதும். சிலவற்றில் டிரை ஐஸ் போட்டிருப்பார்கள். சுண்ணாம்புக் கட்டி போலிருக்கும், வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துவிடும். தண்ணீராக உருகாமல் புகையாகவே போய்விடும். அந்தப் பெட்டி இருக்கும்போது வேன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புகையே மூச்சை நிறுத்திவிடும் என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தபோதே கம்பெனி முதலாளி தௌக்கே எச்சரித்திருந்தார். தௌக்கே சீனர், என்னைவிடச் சின்னவர். இந்தியர்களை எல்லாச் சீனர்களும் கூப்பிடுவதுபோல் என்னையும், அண்ணே என்பதற்கு, "ஆனே" என்பார்.

நோய் கொஞ்சம் முற்றியதும் அவளைத் தனியே விட முடியாமல் போனது. அடுப்பை மூட்டிவிட்டு மறந்துவிடுவாள், வாசலைத் தாண்டினால் செம்பனைக் காட்டுக்குள் நடந்துவிடுவாள். ஒருநாள் கிரில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் மக்சிக் போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது அவள் அகப்பையால் கிரில்லை அடித்து அடித்து, அகப்பை உடைந்து, உள்ளங்கை கிழிந்து நின்றாள். மக்சிக் வெளியே நின்று கம்பி வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் தெருவே கேட்கச் சொன்னாள்: "நான் என்ன திருடியா? ஏங்க, நான் என்னத்த எடுத்தேன்?"

அவளை இனி எந்தக் காலத்திலும் பூட்டி வைப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நோய் தீர வேண்டும் என்றுகூட இல்லை. அவள் பூட்டுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

மறுநாள் அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். தௌக்கேயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவரே வெளியே வந்தார். முன்னிருக்கையில் அவள் பூப்போட்ட பாவாடையும் பவுடரும் கைப்பையுமாக, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

"அலாமாக், ஆனே! இது யாரு, புது அசிஸ்டெண்ட்டா?" என்றார் மலாயில்.

"மனைவி, தௌக்கே. வீட்டுல தனியா விட முடியல."

அவர் அவளையும் என்னையும் பார்த்தார். அவள் அவருக்குக் கையாட்டினாள். அவரும் கையாட்டினார். பிறகு கையால் தன் கண்களை மூடிக்கொண்டு, "சாயா தா தெங்கோக்," என்றார். 'நான் பார்க்கவில்லை' என்று அர்த்தம். விரலிடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "ஆனா பெட்டி கெட்டுப் போச்சுன்னா நான் பார்ப்பேன், ஆனே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் வேறு எதைச் சொல்வது? குளுவாங் ரோட்டிலும் நெடுஞ்சாலையிலும் அவள் கண்ணில் பட்ட பலகையை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். டயர் கடை, பல் டாக்டர், டுரியான். சில நாள் பாடுவாள். சில நாள் நான் யாரென்று சந்தேகம் வந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோல் நேராக உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு பயணத்திலும் பின்னால் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அந்தப் பெட்டியில என்னங்க, மீனா?"

"இல்ல. மருந்து."

"யாருக்கு?"

"உடம்பு முடியாதவங்களுக்கு."

"அடப் பாவம். அப்புறம் ஏன் இப்படி மாட்டு வண்டி ஓட்டுறீங்க? சீக்கிரம் போங்க."

அது மருந்து இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் அடிக்கடி போகிற இடங்களில் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டடம். மூளை நரம்பு நோய்களை ஆராய்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். பெட்டிகளை வாங்கிக்கொள்கிறவர் ஒரு தமிழ்ப் பெண், டாக்டர் பட்டம் வாங்கியவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். "வாங்க அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்காமல் பெட்டியைத் தொட மாட்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாது, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒருநாள் அவருக்கான பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில், மருத்துவமனை அட்டையில் என் மனைவி பேருக்குக் கீழே எழுதியிருந்த அதே வார்த்தையைப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவேதான்.

என்ன நினைத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனை நாளாக, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே அவளுடைய மருந்தை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தேன். கேட்க வேண்டும். ஆனால் கேட்கிறவள் அவள். அவளால் இனிக் கேட்க முடியாது. டோல் சாவடியிலிருந்து அந்தக் கட்டடத்தின் வாசல் வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். வாசல் வந்ததும் காது சூடாகும். பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எத்தனை மாதம் இப்படிப் போனது என்று நினைவில்லை. கடைசியில் ஒரு மழை நாளில், வண்டியை எடுக்க முடியாமல் அவர் அறை வாசலில் நின்றபோது, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"டாக்டர், இந்த மருந்து கடையில கிடைக்குமா?"

"எந்த மருந்து அண்ணே?"

பெட்டியைக் காட்டினேன். நோயின் பேரைச் சொன்னேன். யாருக்கு என்று அவர் கேட்டார். தெரிந்தவர்களுக்கு என்றேன்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு திரையைக் காட்டினார். இரவு வானம் மாதிரிக் கறுப்பு. அதில் பச்சையாகப் புள்ளி புள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது. அது ஓர் எலியின் மூளை, வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவியது என்றார். நான் கொண்டு வருகிற குப்பியில் இருப்பது ஆன்டிபாடி. மூளையில் படிந்திருக்கிற நோயின் அழுக்கைத் தேடிப் போய், அதில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வேறு எதையும் தொடாது. ஒட்டிக்கொண்டு மின்னும்.

"இந்தப் பச்சை எல்லாம்..."

"நோய்தான் அண்ணே."

"ஒட்டிக்கிட்டு அத அழிச்சிருமா?"

"இல்ல அண்ணே. இது மருந்து இல்ல. மனுஷங்களுக்குக் குடுக்கக் கூடாது. பாக்குறதுக்கு மட்டும்தான். எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பாக்கலாம்."

அழகாக இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை நிற்பதற்குள் கீழே இறங்கிவிட்டேன். வேனில் அவள் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். "குடுத்துட்டீங்களா? வாங்கிக்கிட்டாங்களா?" என்றாள். "வாங்கிக்கிட்டாங்க," என்றேன். "நல்லாயிருவாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு மீதமிருந்தது, அவள் என் பக்கத்தில் இருக்கிறாள் என்பது மட்டும்தான். அதுவும் போனது ஒரு சனிக்கிழமை.

அன்றைக்கு ஒரே ஒரு பெட்டி. டிரை ஐஸ் போட்டது, சின்னது. சனிக்கிழமையாக இருந்தாலும் வந்தவுடன் வேண்டும் என்று அந்த டாக்டர் கேட்டிருந்தார். அதை நடு இருக்கைக்குக் கீழே வைத்துக் கட்டியிருந்தேன். கட்டடத்துக்குள் வண்டி போகக் காவல்காரரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து நுழைவு அட்டை வாங்க வேண்டும். வேறு நாளில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை. சனிக்கிழமை என்பதால் உள்ளே போன் செய்து கேட்க வேண்டும் என்று நிற்க வைத்துவிட்டார்கள். வேனை மரத்தடியில் நிறுத்தி, ஏர்கோனுக்காக இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன். காவல் கூண்டிலிருந்து பார்த்தால் வேனின் முன்பக்கம் தெரியும். அவள் தலை தெரியும்வரை எனக்குக் கவலை இல்லை. ஏதோ கையெழுத்துப் போடக் குனிந்து நிமிர்ந்தேன். தலை தெரியவில்லை.

ஓடினேன்.

வேனின் பக்கக் கதவு திறந்து கிடந்தது. அவள் ரோட்டோரக் கல்லில், வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். பெட்டி, வேனின் தரையில், வாசல் விளிம்பில், மூடி இல்லாமல் இருந்தது. டிரை ஐஸின் புகை மேலே போகாது, கனமாகக் கீழேதான் வழியும். அது பெட்டியிலிருந்து வழிந்து, விளிம்பைத் தாண்டி, அவள் தலைமுடி மேல் இறங்கி, தோளில் பிரிந்து, தாரில் பரவிக்கொண்டிருந்தது. அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, விரல்களால் முடியை வகுந்து வகுந்து அதற்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் பெண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகச் சாம்பிராணிப் புகையில் தலையை உலர்த்துவார்கள். அவளும் அப்படித்தான் வளர்ந்தவள். வாரக் கிழமை எதுவும் நினைவில் இல்லாதவளுக்கு அன்றைக்கு எப்படிச் சனிக்கிழமை தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருவேளை தெரிந்திருக்காது. புகையைப் பார்த்திருப்பாள், அவ்வளவுதான்.

அவள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். செருப்புக்கு அருகில், அதே ஒழுங்கில், குப்பிகள் இருந்த சின்ன அட்டைப் பெட்டி வெயிலில் இருந்தது. புகைக்கு இடைஞ்சலாக இருந்ததால் எடுத்து வைத்திருக்கிறாள்.

"என்னம்மா செய்யுற..."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "வாசனையே இல்லைங்க," என்றாள். "கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். இப்படியும் ஒரு சாம்பிராணியா? நீங்க போய் வாங்கினா இப்படித்தான்."

அட்டைப் பெட்டியை எடுத்து மறுபடியும் ஐஸுக்குள் வைத்தேன். அது எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் குளிர் விட்டுப்போயிருந்தது கையிலேயே தெரிந்தது. அதன்பிறகுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். நுனிகள் வெள்ளையாகியிருந்தன. ஒரு காது மடலும் அப்படியே. வலிக்கிறதா என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டாள்.

காவல்காரர் போன் செய்து டாக்டர் இறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் வீட்டு உடை. முதலில் பெட்டியைத்தான் திறந்தார். உள்ளே வெப்பத்தைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று இருக்கும், அதைப் பார்த்தார். பிறகு குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதில் இருந்தது ஆன்டிபாடி மட்டும் இல்லையாம். மூளையில் படிகிற அந்த அழுக்கையே ஆய்வகத்தில் செய்து, உறைய வைத்து அனுப்பியிருந்தார்களாம். ஒருமுறை உருகினால் அதற்கு மேல் எதற்கும் ஆகாது. அதற்காக அவரிடம் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், எலிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவர் என்னிடம் கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் கல்லில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்களே..." என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவர் குனிந்து அவள் கையைப் பிடித்து விரல் நுனிகளைப் பார்த்தார். "அக்கா, எரியுதா?"

"நீ எந்த லைன்மா? காலர் லைனா?" என்று கேட்டாள் அவள், ஆலையில் இருப்பதாக எண்ணி. "முடி ஈரமாவே கெடக்கு பாரு உனக்கு. சளி பிடிக்கும். உக்காரு, புகை போட்டு விடுறேன். வாசனை இல்லைன்னாலும் சூடு இருக்கு."

டாக்டர் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் கோட்டுப் பையில் எதையோ தேடினார், எதையும் எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் விரல்களை வைக்கச் சொன்னார்.

"நான் உங்க கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணும் அண்ணே," என்றார். "எழுதலைன்னா வேலை ஏன் நின்னுச்சுன்னு அந்தப் பொண்ணுங்க பதில் சொல்லணும்."

"எழுதுங்க டாக்டர்."

அன்றைக்கு என் வாய் தானாகத் திறந்தது. கூச்சம் எங்கே போனதோ. "இதனால மருந்து கண்டுபிடிக்கிறது தள்ளிப் போயிருமா டாக்டர்? நாங்க பண்ணுனதால?"

"ஒரு பெட்டியால ஒண்ணும் தள்ளிப் போகாது அண்ணே," என்றார். "நாங்க அவ்வளவு பக்கத்துல எல்லாம் இல்ல."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். வீட்டுக்குத் திரும்புகிற வழி முழுக்க அந்த வார்த்தை என்னோடு வந்தது. நல்ல மனசுக்காரர்கள், படித்தவர்கள், சனிக்கிழமையும் வேலைக்கு வருகிறவர்கள். அவர்களே அவ்வளவு பக்கத்தில் இல்லை. அப்படியானால் நான் இத்தனை வருஷமாக எதை எங்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்?

தௌக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. திங்கட்கிழமை எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். அவளைப் பார்த்துக் கையாட்டவில்லை. "ஆனே, இந்தத் தடவ பார்த்துட்டேன்," என்றார். "நாளையிலேருந்து நீ மட்டும். சாரி, ஆனே. என் பொண்டாட்டியா இருந்தாலும் இதான்." அன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அவள் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க விட்டார். சாயங்காலம் நான் வந்தபோது அவள் அங்கிருந்த காலண்டர்களை எல்லாம் மடித்துத் துணிபோல் அடுக்கி வைத்திருந்தாள்.

வேலையை விட்டால் இரண்டு பேரும் பட்டினி. குளுவாங்கில் அவள் தங்கை இருக்கிறாள். கொண்டுபோய் விட்டேன். மறுநாள் காலையிலேயே தங்கை வீட்டுக்காரர் அவளைக் காரில் கூட்டிவந்துவிட்டார். விடியற்காலையில் ரயில் பாதை ஓரமாக நடந்து போயிருக்கிறாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுல வச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். காபி கூடக் குடிக்கவில்லை.

கோயிலில் ஒருவர் சொல்லி, கூலாய் ஊரில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதிக்குப் போனேன். சுத்தமான இடம்தான். டிவிக்கு முன்னால் வரிசையாக நாற்காலி, அதில் துணியால் இடுப்பில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பொறுப்பாக இருந்த அம்மாள் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்.

"நடப்பாங்களா?"

"நல்லா நடப்பா."

"அதான் கஷ்டம் ஐயா. நடக்குறவங்கள நாங்க எடுக்கிறதில்ல. ஓடிப்போயிடுறாங்க. படுத்துட்டாங்கன்னா கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா எடுத்துக்கறேன்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வாய் நிறைய நன்றி சொன்னேன். வேனில் ஏறின பிறகுதான் எதற்கு என்று தோன்றியது.

கிரில்லுக்கு வெளியிலிருந்து போட, இரண்டு கடைகளில் தேடிப் புதுப் பூட்டு வாங்கினேன். அடுப்பின் கேஸைக் கழற்றி வெளியே வைத்தேன். கத்தி, கத்தரிக்கோல், ஊசி, எல்லாவற்றையும் மக்சிக் வீட்டில் கொடுத்தேன். தையல் மெஷினையும் கொடுத்துவிட்டேன். சோற்றை மூடி மேசை மேல் வைத்தேன். முதல் நாள் அவள் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, நான் பூட்டுவதைச் சின்னப் பெண்போல் வேடிக்கை பார்த்தாள். வேன் நகர்ந்த பிறகுதான் சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். பெட்டியில் டிரை ஐஸ் இருந்தது, ஏற்றக் கூடாது. ஏற்றிக்கொண்டேன். ரோடு திரும்பியதும் இறக்கினேன்.

மத்தியானத்தில் மக்சிக் போய்க் கம்பி வழியாகப் பேச்சுக் கொடுப்பார். முதலில் எல்லாம் சாயங்காலம் என்னைக் கண்டதும், "தட்டுறா, அழுவுறா," என்று மெதுவாகச் சொல்வார். பிறகு, "இன்னிக்கு கொஞ்ச நேரம்தான்," என்றார். பிறகு ஒருநாள், "இன்னிக்கு தட்டவே இல்ல, நல்லா இருந்தா," என்று எனக்குச் சந்தோஷச் செய்தி மாதிரிச் சொன்னார். நான் அந்தத் தட்டலை எவ்வளவு நம்பியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டுகிறவரைக்கும், வெளியே வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரோ வந்து திறப்பார் என்று நினைவிருந்தது.

அந்த ஆய்வுக் கட்டடத்துக்கு இன்னும் போகிறேன். அதே டாக்டர்தான் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார். "இருக்கா," என்கிறேன். குப்பிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பார்ப்பதற்கு.

போன வாரம் வேலை சீக்கிரம் முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கிரில்லுக்குள் அவள் நாற்காலி போட்டு, மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். தலையை யார் வாரிவிட்டார்களோ, மக்சிக் கம்பி வழியாகச் செய்திருக்க வேண்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். அவள் எழுந்து நின்றாள். வெளியாட்களிடம் அவள் எப்போதும் பேசுகிற அந்தப் பழைய கனிவான குரல். அதைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"யாருங்க வேணும்?"

பூட்டைக் கையில் பிடித்திருந்தேன். பேரைச் சொன்னால் பயப்படுவாளோ என்று நின்றேன்.

"வீட்டுக்காரர் இல்லீங்களே," என்றாள். "வேலைக்குப் போயிருக்காரு. சாவி அவர்கிட்டதான் இருக்கு. உள்ள கூப்பிட முடியல, கோவிச்சுக்காதீங்க."

"பரவால்ல," என்றேன்.

"என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா நான் சொல்லிடுறேன். அவரு அதிகம் பேச மாட்டாரு. ஆனா நல்லவரு."

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். திறந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். அன்னிய ஆள் ஒருவன் பூட்டைத் திறந்து உள்ளே வருவதை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தபோது பூட்டை விட்டுவிட்டேன். படியிலேயே உட்கார்ந்தேன்.

"நான் வெயிட் பண்றேன்," என்றேன்.

"பண்ணுங்க. வர்ற நேரம்தான்," என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செம்பனைப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து தூறத் தொடங்கியது.

"ஐயோ, நனையுறீங்களே," என்றாள் உள்ளிருந்து. "கூரை ஓரமா தள்ளி உக்காருங்க. இன்னும் கொஞ்சம்."

தள்ளி உட்கார்ந்தேன்.